பின்னால் போனால் மட்டும் பிடிக்கும் பிரேக்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களைப் பற்றி ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்களில் பாதிப் பேருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. மீதிப் பேர் தெரிந்த மாதிரி நடிப்பார்கள். நான் நடிக்கப் போய் மாட்டிக்கொண்டவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வேலை கல்பாக்கத்தில். வேலை என்றால், மற்றவர்கள் வரைந்த குழாய் வரைபடங்களில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போடுவது. (ஆறு வருடத்தில் நான் கையால் தொட்ட ஒரே குழாய் குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் இருந்ததுதான். அது ஒழுகியபோதும் பிளம்பரைத்தான் கூப்பிட்டேன்.)

பெண் எடுத்தது படாளத்தில். மாமனாருக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு லாரி. அந்த வீட்டில் காலை காபி முதல் ராத்திரிச் சாப்பாடு வரை பேச்சு முழுக்க ஆக்சில், கிளட்ச், டயர்தான். பி.காம். படித்த என் மனைவி தேன்மொழிகூட, லாரி தெருமுனை திரும்பும் சத்தத்தை வைத்தே எந்த கியரில் வருகிறது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் 'இன்ஜினியர் மாப்பிள்ளை'. அவர்கள் அந்தச் சொல்லை அப்படியே நம்பினார்கள். நானும் திருத்தவில்லை.

தலைப் பொங்கலுக்குப் படாளம் போனோம். போகியன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, தேன்மொழியின் தம்பி ரவி பக்கத்தில் வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது.

"மாமா, ஒரு பேஜாரு ஆயிப் போச்சு."

மகாபலிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, வளைய வளையத் தார் போட்டு, எங்கேயோ மூடிப்போன பூங்காவிலிருந்து ஆறு கோ-கார்ட் வாங்கி வந்திருந்தான் ரவி. கோ-கார்ட் என்றால் தரையோடு தரையாக ஓடும் குட்டிக் கார். கதவு கிடையாது, கூரை கிடையாது. உட்கார்ந்தால் நமக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. காணும் பொங்கலன்று கடற்கரைக்கு வரும் கூட்டத்தை நம்பி, அன்றைக்கே திறப்பு விழா என்று நோட்டீஸ் அடித்து மதுராந்தகம் வரை ஒட்டியாகிவிட்டது. பிரித்து வந்த வண்டிகளை மறுபடி பூட்டிக் கொடுத்த மெக்கானிக் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் ரவி ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஆறிலும் பிரேக் பிடிக்கவில்லை.

"சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது மாமா. புடிக்குது. ஆனா நாம நிக்கச் சொன்ன எடத்துல நிக்காம, அதுக்கு எங்க தோணுதோ அங்கப் போயி நிக்குது."

ஈசி சேரில் சாய்ந்திருந்த மாமனார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இன்னாத்துக்குடா கவலைப்படற. நம்ம மாப்ள இன்ஜினியரு வூட்லயே கீறாரு."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. "பாத்துடலாம் மாமா" என்று திறந்தேன்.

அன்றைக்கே ரவியின் பைக்கில் போனோம். பின்சக்கர ஆக்சிலில் பெரிய பால்பவுடர் டின் மாதிரி ஒரு டிரம். அதைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை, பட்டையின் உட்பக்கம் பிரேக் லைனிங் என்ற சொரசொரப்பான அடுக்கு. பெடலை மிதித்தால் பட்டை இறுகி டிரம்மைக் கவ்வ வேண்டும். இடுப்பில் பெல்ட் போடுவது மாதிரி விஷயம். இதில் பெரிதாக என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

முதலில், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறது என்று அறிவித்தேன். (படவில்லை. ஆனால் எதையாவது சொல்ல வேண்டுமே.) இருந்த பெட்ரோலை எல்லாம் ஊற்றிக் கழுவினோம். பிறகு உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். பிறகு நட்டை இறுக்கினேன். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதை ரவிக்குத் தெரியாமல் இரண்டு பக்கமும் திருகிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கடைசியாகப் பெடலில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி நீளமாக்கினேன். அது மட்டும் பார்க்க உண்மையான இன்ஜினியரிங் மாதிரி இருந்தது.

ஓட்டிப் பார்க்கலாம் என்றால் பெட்ரோல் இல்லை. அதனால் நான் வண்டியில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். பின்பக்கம் இன்ஜினும் செயினுமாகக் கை வைக்க இடமில்லாததால் ரவி எனக்கு எதிரே நின்று, வண்டியின் மூக்கில் கை வைத்துத் தள்ளினான். வண்டி அசையவில்லை. குனிந்து, தோள் கொடுத்துத் தள்ளினான். அப்போதும் அசையவில்லை.

"மாமா, மலை மாதிரி நிக்குது."

ஆறு வண்டிக்கும் அதே வைத்தியம், அதே பரிசோதனை. ஆறும் மலை மாதிரி நின்றன.

மறுநாள் பொங்கல். பானை பொங்கியதோ இல்லையோ, நான் பொங்கினேன். வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் உராய்வு என்றால் என்ன என்று விளக்கினேன். ஒரு சித்தப்பாவுக்கு இரண்டு தடவை விளக்கினேன். தேன்மொழி மட்டும் கரும்பைக் கடித்துக்கொண்டே, "ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்க்கவே வேண்டாம்" என்றேன்.

மாட்டுப் பொங்கலன்று ஒரு வேன் நிறைய ஆட்கள் ரவியின் இடத்துக்குக் கிளம்பினோம். தார் வளையத்தின் நேர்ப்பாதை முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஷாமியானா. அதன் கீழே கறிக்குழம்பு அண்டா, சோறு, இலைக்கட்டு. அங்கே தடுப்புக்குப் போட வேண்டிய பழைய டயர்கள் சாயங்காலம்தான் வருவதாக இருந்தது.

முதல் வண்டியை நானே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தலைப் பொங்கலுக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியில் இருந்தேன். ரவி, "பேண்ட் தரவா மாமா?" என்றான். ஒரே ஒரு சுற்றுக்கு எதற்கு என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் அரை நிமிடம் என் வாழ்க்கையின் பொன்னான காலம். காற்று முகத்தில் அடித்தது. சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். மாமியார் ஷாமியானாவில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். நேர்ப்பாதைக்கு வந்தேன். கோடு போட்ட இடத்தில் நிறுத்திக் காட்டலாம் என்று பெடலை மிதித்தேன்.

பெடல் என் காலைத் திருப்பி மிதித்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுத்த அழுத்த அது என்னை எதிர்த்துத் தள்ளியது. கோடு போனது. தார் முடிந்தது. மண்ணில் இறங்கி, வண்டி ஷாமியானாவைப் பார்த்து நிதானமாகப் போனது. வேகமாகப் போயிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். மாமியார் கரண்டியோடு ஒதுங்கினார். இலை போட்டு உட்கார்ந்தவர்கள் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

அந்த நேரத்தில் மடித்துக் கட்டிய வேட்டி காற்றில் அவிழ்ந்து, பின்னால் ஓடிய செயினில் சிக்கியது. ஒரு இழுப்பு. இடுப்பில் இருந்தது மொத்தமும் உருவிக்கொண்டு போய் ஆக்சிலில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் ஒரு இருமல் இருமி அணைந்தது. வண்டி அண்டாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

நான் ஒரு சாயங்காலம் முழுக்க உழைத்துச் சரி செய்த பிரேக்கால் முடியாததை மாமனாரின் வேட்டி செய்து முடித்தது.

கூட்டத்தில் ஒரு குரல், "கொழம்பு தப்பிச்சுதுப்பா" என்றது. நான் பட்டுச் சட்டையும் கோடு போட்ட டிராயருமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும் எண்ணமே எனக்கு இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்த வண்டியிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

தேன்மொழி ரவியின் லுங்கியைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். ரவி கத்தியால் ஆக்சிலில் சுற்றியிருந்த வேட்டியை அறுத்து எடுத்தான். பிறகு அவனும் வேறு இரண்டு பேரும் வண்டியை என்னோடு சேர்த்துப் பின்பக்கமாகத் தார் ரோட்டுக்குத் தள்ளப் பார்த்தார்கள். வண்டி நகரவில்லை. மாமனாரும் கை கொடுத்தார். ஊகூம்.

"இன்னும் வேட்டி மாட்டிகினு கீதா?" என்றார்.

தேன்மொழி குனிந்து என் காலைப் பார்த்தாள். பயத்தில் நான் இன்னும் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தேன். "காலை எடுங்க" என்றாள். எடுத்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "திரும்ப மிதிங்க." மிதித்தேன். சட்டென்று நின்றது. அவள் நிமிர்ந்தாள்.

"இன்னாங்க இது. முன்னால போறப்ப புடிக்காத பிரேக்கு, பின்னால தள்றப்ப மட்டும் எப்பிடிப் புடிக்குது?"

என் மூளைக்குள் ஏதோ ஒரு பழைய அலமாரி திறந்தது. மூன்றாம் வருடப் பாடம். பேண்ட் பிரேக், அதாவது பட்டை பிரேக். பதினாறு மார்க் கேள்வி. நான் பக்கம் பக்கமாக எழுதி முழு மார்க் வாங்கிய கேள்வி. என்ன எழுதினேன் என்று அந்த நிமிடம் வரை எனக்குப் புரிந்ததே இல்லை.

லுங்கியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். பட்டையின் ஒரு முனையை வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டுக் கட்டியிருந்தது. மறுமுனையைப் பெடல் இழுத்தது. டிரம் சுற்றும்போது பட்டையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். கட்டிய முனையில் இருந்து பெடல் முனையை நோக்கி இழுத்தால், டிரம் தானாகவே பட்டையை இறுக்கிக்கொள்ளும். நம் கால் சும்மா துணைக்கு இருந்தால் போதும். மாற்றிக் கட்டினாலோ, டிரம்மின் பலம் மொத்தமும் பெடலைப் பிடித்து இழுத்து நம் காலோடு மல்லுக்கு நிற்கும். மெக்கானிக் ஆறு வண்டியிலும் முனைகளை மாற்றிக் கட்டியிருந்தார். நாங்கள் ஆறையும் மூக்கில் கை வைத்துப் பின்பக்கமாகத் தள்ளிச் சோதித்திருந்தோம்.

ஒரு துண்டை ஷாமியானாவின் சவுக்குக் கம்பத்தில் சுற்றி இதை மாமனாருக்குக் காட்டினேன். அவர் துண்டையும் பார்த்தார், என் லுங்கியையும் பார்த்தார்.

"லோடு கயிறு கட்ற மாதிரிதான். புரிது. மாத்திக் கட்டுங்க. ஆனா இந்த வாட்டி ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க."

மாட்டுப் பொங்கலன்று எந்தப் பட்டறை திறந்திருக்கும்? லாரியின் டூல்பாக்ஸை வரவழைத்தோம். ஒவ்வொரு வண்டியிலும் சட்டத்தில் துரு அடைத்துக் கிடந்த பழைய ஓட்டையைக் குடைந்து, கட்டின முனையை அந்தப் பக்கமும் பெடல் கம்பியை இந்தப் பக்கமும் மாற்ற வேண்டும். ரவி கை டிரில்லைச் சுற்றினான். நான் மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் கையை நீட்டுவேன். தேன்மொழி நட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினேழு" என்று ஸ்பேனரைக் கையில் வைப்பாள். ஒரு தடவையும் தப்பவில்லை. என் முழங்கை சிராய்ந்தது, சட்டை கிரீஸானது. எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பது மூன்றாவது வண்டியில் எனக்கு நிரந்தரமாக விளங்கியது.

வெயில் தாழும்போது முதல் வண்டியை எடுத்தேன். மாமனார் எழுந்தார். நேர்ப்பாதையின் முடிவில் போட்டிருந்த கோட்டில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, தள்ளி நில்லுங்க" என்று கத்தினேன்.

"நீங்க வாங்க மாப்ள."

அவர் எதற்காக அங்கே நின்றார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மத்தியானம் அத்தனை பேர் முன்னால் நான் இழந்ததை, அதே அத்தனை பேர் முன்னால் கொடுக்க நினைத்திருப்பார் என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. தேன்மொழியைப் பார்த்தேன். போங்க என்பது போலத் தலையை ஆட்டினாள்.

போனேன். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்தேன். மாமனார் பெரிதாகிக்கொண்டே வந்தார். மீசை தெரிந்தது, சட்டைப் பொத்தான் தெரிந்தது. பெடலைத் தொட்டேன். தொட்டதுதான். பட்டை டிரம்மைக் கவ்வியது. பின்சக்கரம் கீச்சிட்டு, நான் ஸ்டியரிங்கில் மூக்கை இடித்துக்கொள்ளாத குறையாக வண்டி நின்றது. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம்.

மாமனார் கட்டின கையைப் பிரிக்கவில்லை. காலையும் நகர்த்தவில்லை. டயர் தேய்ந்த கறுப்புக் கோட்டை ஒரு தடவை பார்த்தார்.

"ம். இப்ப கீது பிரேக்கு" என்றார்.

எனக்கு வேலையில் பிற்பாடு இரண்டு பதவி உயர்வு வந்தன. இரண்டையும் சேர்த்தாலும் அந்த மூன்று வார்த்தைக்கு ஈடாகாது.

மறுநாள் காணும் பொங்கல். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று எங்கிருந்தெல்லாமோ வந்த கூட்டம் ரவியின் வாசலில் வரிசை கட்டியது. ஆறு வண்டியும் பொழுது சாயும்வரை ஓய்வில்லாமல் ஓடின, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றன. ரவி மைக்கில், "நம்ம பிரேக்கெல்லாம் ஸ்பெஷலா எங்க மாமா கையால செஞ்சது" என்று அரைமணிக்கு ஒரு தரம் சொன்னான். நான் ஒவ்வொரு தரமும் வேறெங்கோ பார்ப்பது போல நின்றுகொண்டு கேட்டேன்.

குடும்பம் எனக்கு வைத்த பெயர் மட்டும் வேறு. அன்று முதல் படாளத்தில் நான் 'ரிவர்ஸ் மாமா'. ரவியின் பிள்ளைகளுக்கு என் உண்மைப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். போன வருடம் செங்கல்பட்டில் அவன் மகள் கல்யாணம். "இவருதான் எங்க ரிவர்ஸ் மாமா" என்று ரவி சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகம் செய்தான். புதுச் சம்பந்தி எழுந்து கும்பிட்டார். பெரிய பதவி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"அது எந்த டிபார்ட்மெண்ட்டுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள், பக்கத்து நாற்காலியில் இருந்த தேன்மொழி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேங்க. அவரு சொன்னா டிராயரை வுட்டுட்டு சொல்வாரு."