கார்டு கிதியோன் ஊதிய விசில்

லாலாகுடா, சிகந்தராபாத்
செப்டம்பர் 1946

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தி ஏனோக் அவர்கள் சமூகத்துக்கு, கிதியோன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். அவ்விடம் தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். இதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

தங்களுக்கு மருமகளாக வரப்போகிற என் மகள் ஜெயசுந்தரி, போன சனிக்கிழமை பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் இருக்க நேர்ந்தது. குற்றம் அவளுடையதல்ல. லோகோ ஷெட்டில் வேலை நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி ஊர்வலம். அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற டீச்சர் என்பதால் இவளும் போனாள். முதல் நாள் எங்கள் வீட்டில் பெண்களைக் கூட்டிவைத்து யூனியன் வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னாள். பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள், வார் வைத்த செருப்புப் போடுங்கள், கலையச் சொன்னால் ஓடாமல் பக்கத்துச் சந்து வழியாக நடந்து போங்கள், பிடித்தால் பேரைச் சொல்லி என்ன குற்றம் என்று கேளுங்கள், வாசிக்கத் தெரியாத தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நானும் கதவோரம் நின்று கேட்டேன். கேட்டதோடு நின்றிருக்கலாம். பெண் தனியாகப் போகிறாளே என்று, வெயிலுக்கு ஒரு பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். ரயில் கார்டு வேலையிலிருந்து ரிடையரான பிறகும் அந்த விசில் என் கழுத்தில்தான் கிடக்கும்.

தார்நாகா ரோட்டில் அமீன் (இங்கே இன்ஸ்பெக்டரை அப்படித்தான் சொல்வார்கள்) குறுக்கே நின்று கலையச் சொன்னார். ஜனங்களும் ஒழுங்காகத் திரும்பினார்கள். மகளைக் காணோம். அவள் திரும்பிப் பார்க்கட்டுமென்று விசிலை நீட்டி ஊதி, துண்டை எடுத்து வீசினேன். சம்பந்தி, அந்தக் கூட்டத்துல பாதிப்பேர் டிரைவர், ஃபயர்மேன். கார்டு விசிலடிச்சுப் பச்சை காட்டினா வண்டியை எடுத்தே பழகினவங்க. எடுத்துட்டாங்க! திரும்பின அத்தனை பேரும் நேரே அமீனைப் பார்த்து நடந்தாங்க. தடியடி. ஃபயர்மேன் அய்யாக்கண்ணுவுக்கு முழங்கை உடைந்துவிட்டது. "என்னண்ணே, நீங்க சிக்னல் குடுத்தா நான் நம்பாம இருப்பேனா?" என்கிறான். அவன் முகத்தில் விழிக்க முடியவில்லை.

அவனைத் தூக்கிவிட நின்ற ஜெயசுந்தரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். அமீன் எனக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, உருதுவில் எழுதிய ஒரு தாளை நீட்டினார். கம்பிக்குள்ளிருந்து இவள், "அப்பா, நக்கோ! கையெழுத்துப் போடாதீங்க!" என்று கத்துகிறாள். கார்டு வேலையில நீட்டின தாளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட கை. போட்டுட்டேன். கூட்டத்தை முன்னே போகச் சொன்னது என் மகள்தான் என்று நானே சாட்சி சொன்னதாக அதில் இருக்கிறதாம். சாயங்காலம் ஜாமீனில் வெளியே வந்தவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "டீ நல்லாருந்துச்சாப்பா?"

வியாழக்கிழமை கோர்ட்டில் விசாரணை. அவள் பேரில் மன்னிப்பு மனு எழுதிவைத்திருக்கிறேன். எப்படியும் கையெழுத்துப் போடவைத்துவிடுவேன். இனி ஊர்வலம் என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். வழக்கு முடியும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைக்க மன்றாடுகிறேன். சம்பந்தத்தை மட்டும் முறித்துவிட வேண்டாம். அவள் நல்ல பெண். கர்த்தர் தங்கள் வீட்டாரை இப்படிப்பட்ட தகப்பன்மாரிடமிருந்து காப்பாராக.

தங்கள் தாழ்மையுள்ள,
கிதியோன்

பி.கு.: கடைசிப் பத்தியைத் தள்ளிவிடவும். மனுவை நீட்டினேன். "நான் செய்யாததுக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேட்கணும்?" என்று சொல்லிச் சோறு வடிக்கப் போய்விட்டாள். வக்கீலிடம் ஓடினேன். விசில் ஊதினவனும், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவனும் நான்தான் என்று சொன்னால் அவளை விட்டுவிடுவார்களாம். என்னை உள்ளே வைத்துவிடுவார்களாம். சொல்லப்போகிறேன். ஆகவே கல்யாணத் தேதியை மாற்ற வேண்டாம். கோயிலில் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவர அவள் தாய் கனகமணி இருக்கிறாள். தகப்பன் எங்கே என்று யாராவது கேட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஜெயிலில் இருக்கிறார் என்றே சொல்லுங்கள்.