வீங்கினால் திறக்கும் வாசல்

"உதென்ன, வாசல் வாசலா வரைஞ்சு வச்சிருக்கிறீங்கள்?" அன்னப்பிள்ளை தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

உயிரியல் படிப்பிக்கும் செல்லத்தம்பி சேர் படத்தை மனைவி பக்கம் திருப்பினார். "உடம்பில இருக்கிற கலத்தின்ர அனயன் வாசல்கள். மறையேற்றத் துகள்கள் போற வழி. ஒண்டு மின்னழுத்தம் மாறினாத் திறக்கும். ஒண்டு கல்சியம் கூடினாத் திறக்கும். இது, கலம் வீங்கினாத்தான் திறக்கும்."

"திறந்து?"

"குளோரைட்டு வெளியில போகும். பொற்றாசியமும் போகும். பின்னால தண்ணியும் போயிடும். கலம் பழைய அளவுக்கு வந்திரும்."

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு உந்த வாசல் தேவையில்லை," என்று சிரித்தாள்.

அந்தக் கிழமையே அவளுக்குக் காய்ச்சல். ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லை. அன்னப்பிள்ளை போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு, மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானிலிருந்து அவளுடைய தங்கை சிவகாமிப்பிள்ளை புருஷன், பிள்ளைகளோடு லாஞ்சிப் படகில் வந்தாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தும் அவர்கள் போகவில்லை.

"சண்டையில லாஞ்சி நிண்டுபோச்சு, அத்தான். ஓடினாப் போயிருவம். சாப்பிட்டீங்களோ?"

சேருக்கு ஒருமுறை வாய்விட்டு அழவேண்டியிருந்தது. அதற்கு வீட்டில் ஒரு மூலை மிஞ்சவில்லை. குசினியில் ஆள், கிணற்றடியில் ஆள், அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து விளையாடும் பிள்ளைகள்.

யோசித்தார். சிவகாமிதான் குளோரைட்டு. அவள் வெளியே போனால் மற்றதெல்லாம் பின்னால் போகும்.

"எங்கட கிணத்துத் தண்ணி உவர், பிள்ளை. உங்களுக்கு ஒத்துவராது."

"அப்பிடியோ?" என்றாள். மறுநாளே அவள் புருஷன் குஞ்சித்தம்பி கிணறு இறைக்கத் தொடங்கினார். உதவிக்குச் சல்லி ஊரிலிருந்து அவருடைய தம்பி முத்தன் வந்தான். வரும்போதே பாயும் கொண்டுவந்திருந்தான்.

சேர் வேறு வழி பார்த்தார். "குச்சவெளியில தங்கமுத்து மாமி தனியக் கிடக்கிறா. நீங்கள் எல்லாரும் போய் அவவோட இருக்கலாமே."

சிவகாமி காலை பஸ்ஸில் போனாள். பின்னேரம் மாமியையும் மாமியின் ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஓம் அத்தான், ஆரையும் தனிய விடக்கூடாதுதான்."

அனயன் வாசல் படத்தை ஆடு தின்றது.

அடுத்த நாள் சேர் பள்ளிக்கூடம் போகாமல் நேரே இறங்குதுறைக்குப் போனார். ரிக்கற் கொடுக்கும் அபூதாஹிரிடம் கிட்டத்தட்டக் கெஞ்சினார். "தம்பி, மூதூர் லாஞ்சி எப்ப திரும்ப ஓடும்? என்ர வீட்டுச் சனம் போக ஏலாமல் நிக்குது."

அபூதாஹிர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"லாஞ்சி ஒரு நாளும் நிக்கேல்லையே, சேர். நீங்கள் பள்ளிக்குப் போனவுடன உங்கட மச்சாள் இதிலதான் போய், தங்கட வீட்டு மாட்டைப் பாத்துப்போட்டு, நீங்கள் வாறதுக்குள்ள திரும்பி வாறவ."