நாற்பது மூட்டைப் புளியும் ஒரு குட்டைக்கால் நாயும்

உ

காரிமங்கலம்,
வியய வருஷம் பங்குனி மாதம் 9ஆம் தேதி

மைத்துனன் சிரஞ்சீவி முனிராஜுக்கு, தீர்த்தகிரி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. தீர்த்தமலையான் புண்ணியத்தில் இவ்விடம் நானும் உன் அக்கா பழனியம்மாளும் பிள்ளைகளும் கறவை இரண்டும் சுகம். பெங்களூரில் நீயும் உன் புளி மண்டியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டியது. மண்டி சுகமாக இல்லை என்பது உன் கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "மாமா, உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? கொட்டை எடுத்து அனுப்பச் சொன்னால் நாற்பது மூட்டையும் கொட்டையோடு வந்து இறங்கியிருக்கிறது. என்னைப் பார்த்து மண்டித் தெருவே சிரிக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். பெரியவனுக்கு எழுதுகிற முறை இதுவல்ல என்றாலும், நாற்பது மூட்டைக்காக மன்னித்தேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். உன் கார்டில் கண்டபடி நான் ஒன்று விடாமல் செய்யப்போனேன். புளிக்கு அல்ல. நாய்க்கு.

நாய் வந்த கதையை உனக்கு அரைகுறையாகத்தான் எழுதியிருந்தேன். தீர்த்தமலைப் பக்கத்துக் காட்டுப் புளியை ஐந்து வருஷமாக ஏலம் எடுக்கிறேனல்லவா, அந்தக் காட்டு இலாகா துரை கார்த்திகையில் சீமைக்குக் கப்பலேறினார். ஊருக்கெல்லாம் சுயராச்சியம் கொடுத்துவிட்டுப் போகப்போகிறார்களாம். எனக்கு மட்டும் முன்கூட்டியே நாயைக் கொடுத்துவிட்டுப் போனார். "தீர்த்தகிரி, நீ நல்ல மனுஷன், இவன் பெயர் பில்லி" என்று சங்கிலியை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவார் என்று பட்லர் சொன்னான். நாயின் நீளம் முக்கால் கட்டில் இருக்கும். கால் நாலும் நாலு விரற்கடை. ஜாதியின் பெயர் வெள்ளைக்காரன் வாயில் 'டாக்ஸ்' என்று ஆரம்பித்து எங்கோ போய் முடிகிறது. நம் தெருக்காரர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, இது டாக்ஸ் வசூலுக்குத் துரை வைத்திருந்த நாய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதல் ஒரு வாரம் நான் இதைக் கூட்டிக்கொண்டு தெருவில் போனால் இரண்டு பக்கமும் கதவு சாத்தினார்கள்.

உன் அக்காவுக்கோ பெயரிலேயே பிடித்தது தலைவலி. "பில்லியாமே பில்லி. சூனியம் மட்டும் பாக்கி, அதையும் ஒரு சங்கிலி கட்டி இட்டுக்கிட்டு வந்துருங்க" என்றாள். அது நாயே அல்ல, உடும்புக்கும் நாய்க்கும் பிறந்தது என்றாள். வாசற்படி ஏற முடியாமல் அது முன்னங்காலை வைத்துக்கொண்டு நின்றால், தூக்கிவிடப் போகிற என்னை முறைப்பாள். மேலும் அந்த ஜாதிக்கு மண்ணைத் தோண்டுவது பிறவிக் குணமாம். நம் கிடங்கின் மண் தரையைப் பெருச்சாளி தேடித் தோண்டித் தோண்டி, புளி மூட்டை ஒன்று பாதாளத்தில் சாய்ந்தது. பெருச்சாளி பதினொன்று செத்தது என்பதை உன் அக்கா கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. "வூட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லாட்டி அது இருக்கணும்" என்று அவள் சொன்ன அன்றுதான் உனக்கு எழுதினேன். நீயும் கண்டோன்மெண்டில் ஒரு துரைசானி இருக்கிறாள், இதே ஜாதி நாய் இரண்டு வைத்திருக்கிறாள், மூன்றாவதுக்கு இடம் இருக்கிறது என்று எழுதினாய். அதுவரை நீ புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டாய்.

அங்கேதான் காயடிக்கிற பேச்சு வந்தது. துரைசானி வீட்டில் இருக்கிற இரண்டும் பெட்டையென்று நீ எழுதியிருந்தாய். இதை அப்படியே அனுப்பினால் ஆறு மாதத்தில் அவள் வீட்டில் சந்தை கூடிவிடும், பழி நமக்கு வரும் என்று தோன்றியது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது பார். மாட்டைக் காயடித்தால் ஏர் இழுக்கும். நாயைக் காயடித்தால் என்ன இழுக்கும்? கிருஷ்ணகிரி முதல் சேலம்வரை இந்த ஜாதியில் வேறொன்று இல்லை என்று பட்லர் சத்தியம் செய்திருக்கிறான். வித்தை அழித்துவிட்டு விளைச்சல் பார்த்த வியாபாரி உண்டா? தர்மபுரியிலிருந்து வெக்கை நோய்க்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டரைக் கேட்டேன். அவர் நாயைச் சுற்றி ஒரு முறை நடந்து, "சுத்தி வரவே நேரமாவுதே" என்று சொல்லிவிட்டு, இதற்கெல்லாம் மதராசுக்குத்தான் போக வேண்டும் என்று பையை மூடினார். எனவே வாங்குகிறவர் இஷ்டம்போல் செய்வதே வியாபார முறை என்று முடிவு செய்து, உனக்குக் கார்டு போட்டேன். என்ன எழுதினேன்? "நாற்பது மூட்டைப் புளி கட்டித் தயார். துரைசானி நாய் கேட்டதாக எழுதியிருந்தாயே. கொட்டை எடுத்து அனுப்பவா, அப்படியே அனுப்பவா?" முதல் வரி புளி. இரண்டாவது வரி நாய். மூன்றாவது வரி எதைச் சேர்ந்தது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். புளி மண்டிக்காரனுக்குத்தான் தெரியவில்லை.

உன் பதில் கார்டு வந்தது. கோழி கிளறின எழுத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கொட்டை எடுத்தே அனுப்பவும். கொட்டையோடு வந்தால் இங்கே ஒரு நாயும் சீண்டாது." பார்த்தாயா, நாய் என்கிற சொல்லே அதில் இருந்தது. அதற்குப் பிறகு நான் வேறு என்ன நினைப்பேன்? "இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்தால் சுலபமாக வரும். நாலைந்து பெண்களை உட்கார வைத்துக் கட்டையால் தட்டச் சொல்லவும். ஆண்கள் கை இதற்கு உதவாது. எடுத்தபின் உப்புப் போட்டு, அமுக்கி, ஓலைப்பாயில் சுற்றி நன்றாக இழுத்துக் கட்டி அனுப்பவும்." முப்பது வருஷமாகப் புளி வியாபாரம் செய்கிறவன், இதைப் படித்துப் புளி என்று நினைக்காமல் நாய் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்காதே. அந்த ஒரு வாரமாக என் மனசில் புளி இல்லை. உப்பு காயத்துக்காக இருக்கும், பாய் அது கடித்துவிடாமல் இருப்பதற்காக இருக்கும், வெயில் வெள்ளைக்காரர் முறையாக இருக்கும் என்று நானே ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கட்டிக்கொண்டேன். புளியைப் பற்றி நீ ஒன்றும் எழுதாததால் வழக்கம்போல் கொட்டையோடு அனுப்பலாம் என்று அன்றைக்கே கரிப்புகையில் ஓடுகிற கரிக்கியாஸ் லாரியில் ஏற்றிவிட்டேன்.

இரண்டு நாள் நாயை வெயிலில் காய வைத்தேன். களத்தில் பாய் போட்டு அதன்மேல் படுக்க வைத்தால், அது எழுந்து நிழலுக்குப் போகும். நான் தூக்கிக்கொண்டு வந்து திரும்பப் போடுவேன். போகிறவர்கள் எல்லாம், "என்னாங்க, நாய் வத்தலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் புளி தட்டுகிற குள்ளம்மாளையும் அவளோடு மூன்று பேரையும் கூப்பிட்டு உன் கார்டைப் படித்துக் காட்டினேன். நால்வரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குள்ளம்மாள்தான் கடைசியில் பேசினாள். "ஏனுங்க, நாங்க புளி தட்டுற கையிங்க. இன்னிக்கு இதைத் தட்டிட்டு வூட்டுக்குப் போனம்னா, எங்க வூட்டு ஆம்பளைங்க எங்களக் கண்டு ஏரிப்பக்கம் ஓடிப்போயிருவாங்க. ராவுக்குச் சோறு திங்க ஆள் வேணாங்களா?"

அதில் நியாயம் இருந்தது. சந்தையில் மாடு காயடிக்கிற கரியனுக்கு ஆள் விட்டேன். அவன் விதை நசுக்குகிற கிட்டிக்கோலோடு வந்து, பில்லியின் முன்னால் குந்தினான், பிறகு மண்டி போட்டான், பிறகு கன்னத்தைத் தரையில் வைத்து அடியில் எட்டிப் பார்த்தான். "மாட்டுக்குன்னா நின்னபடிக்கு முடிச்சிருவனுங்க. இதுக்கு வயித்துக்கும் தரைக்கும் நடுவால பீடி நுழையாது, கோல எங்க நுழைக்கிறது? ஒண்ணு நான் குழி வெட்டி எறங்கணும், இல்லாட்டி நாய் மேல ஏறணும்" என்றான். எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. கிடங்கு உத்திரத்தில் மூட்டைத் தராசு தொங்குகிறதே, அதன் ஒரு தட்டில் பில்லியை உட்கார வைத்து எதிர்த் தட்டில் ஒரு மணங்குக் கல்லை வைத்தேன். சமமாக நின்றது. நாய் சரியாக ஒரு மணங்கு. வந்தபோது அவ்வளவு இல்லை. யார் பால் ஊற்றினார்கள் என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இன்னொரு கல் வைத்ததும் தட்டு மேலே போய், பில்லி கரியனின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. ஓடவில்லை, குரைக்கவில்லை. கரியனின் மூக்கை ஒரு தரம் நக்கியது. கரியன் கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, இதும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்பிடிங்க செய்யறது? மாடுன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நிக்கும்" என்றான்.

அப்போதுதான் உன் அக்கா உள்ளே வந்தாள். கையில் உன் கார்டு. "ஏங்க, இது ஒரு நாய் தானுங்களே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப இதுல பத்து மூட்டை எப்பிடித் தேறும்?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. விலாசம் எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே, தபால் முத்திரைக்கு அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் நீ எழுதியிருக்கிறாய்: "கொட்டையை எறிந்துவிட வேண்டாம். பத்து மூட்டையாவது தேறும். பசை காய்ச்ச மில்லுக்காரர்கள் கேட்கிறார்கள். துரைசானி ஊட்டிக்குப் போயிருக்கிறாள். நாய் விஷயம் அவள் வந்தபின் எழுதுகிறேன்." முனிராஜ், எழுத இடம் போதாவிட்டால் இன்னொரு கார்டு வாங்கு. அரையணா மிச்சம் பிடித்து ஒரு ஜீவனைத் தராசில் ஏற்றிவிட்டாய். நான் கார்டை வாங்கி மறுபடி எழுத்துக் கூட்டினேன். குள்ளம்மாள் கூட்டம் முந்தானையை எடுத்துவிட்டு வாய்விட்டே சிரித்தது. கரியன் கோலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "நல்லவேளைங்க, உப்பு தடவுறதுக்கு முன்னால பாத்தீங்க" என்றான். உன் அக்கா நேரே போய்த் தட்டிலிருந்து நாயை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். "சின்னதுல எங்க ராசு காது குத்தறப்ப இப்பிடித்தான் பாத்துக்கிட்டு குந்தியிருந்தான்" என்றாள். எந்த ராசு என்று, முனிராஜ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று முதல் பில்லி என்கிற பெயர் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துரைசானி ஊட்டியிலிருந்து திரும்பிவிட்டாள், நாயை உடனே அனுப்பவும், காயடிக்கிற வேலையை அவளே அங்கே டாக்டரைக் கொண்டு முடித்துக்கொள்வாள் என்று இப்போது வந்த உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். ரொம்ப சரி. வாங்குகிறவள் தலையில் அந்தப் பொறுப்பு போவதே நியாயம். புளிக்கு அங்கேயே ஆள் வைத்துத் தட்டிக்கொள். கூலி என்னைச் சேர்ந்தது. நாய் விஷயத்தில் நான் யோசித்து எடுத்த முடிவு இது: வியாபாரி ஒரு சொல் கொடுத்தால் கொடுத்ததுதான். நம் கிடங்கு ஆள் மாதப்பன் வியாழக்கிழமை பஸ்ஸில் பெரிய மூங்கில் கூடையோடு வருகிறான், இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது. கூடையைத் துரைசானி கையில் ஜாக்கிரதையாக ஒப்படைக்கவும். அதற்குக் காலையில் பாலும் மத்தியானம் கொஞ்சம் ராகிக் களியும் வழக்கம் என்று சொல்லவும். இடியிடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், யாராவது கூடவே உட்கார்ந்து காதைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லவும். வாசற்படியில் முன்னங்காலை வைத்துக்கொண்டு நின்றால் பின்னால் லேசாக ஒரு கை கொடுத்தால் போதும், தூக்க வேண்டியதில்லை, தூக்கினால் அதற்கு ரோஷம் வரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று உன் அக்கா கேட்டாள். கேட்கட்டும்.

வயிறு குளிர்ந்து வாழ்க. உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நாற்பது மூட்டையும் நல்ல விலைக்குப் போகட்டும்.

இப்படிக்கு உன் நன்மை கோரும்,
தீர்த்தகிரி

பின்குறிப்பு: கூடையைத் துரைசானியிடம் கொண்டுபோவதற்கு முன் திறந்து பார். அதில் இருப்பது பதினைந்து வீசைப் புளி. உன் அக்கா தன் கையாலேயே தட்டி, ஒரு கொட்டை இல்லாமல் எடுத்தது. உன் மண்டித் தெருவுக்குக் காட்டு. ராசு இங்கேதான் என் காலடியில் படுத்திருக்கிறான், துரை கொடுத்தபடியே, முழுசாக. அவனைக் கூடையில் ஏற்றிக் கட்டினது நான். அவிழ்த்தது உன் அக்கா. அவள் அவிழ்க்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று. இதை ஒட்டப்போகிற நேரத்தில் கரியன் வந்து போகிறான். அவன் வீட்டுக் காவல் நாய் நேற்று ஐந்து குட்டி போட்டதாம். ஐந்துக்கும் உடம்பு நீளம், கால் இரண்டு விரற்கடை. காயடிக்கிறவன் வீட்டிலேயே இது நடந்துவிட்டது என்று வெளியே சொல்ல வேண்டாமென்று கும்பிட்டுக் கேட்டான். உனக்கு மட்டும் எழுதுகிறேன். துரைசானிக்கு வேண்டுமானால் அதில் ஒன்று அனுப்புகிறேன். எப்படி அனுப்புவது என்று மட்டும் உன்னைக் கேட்க மாட்டேன்.