அன்னக்குஞ்சும் அங்கிளின் முதுகும்

கலியாணம் பேசும் காலத்தில் ஆண்கள் சொல்லும் பொய்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. சமைக்கத் தெரியும் என்பார்கள், அதிகாலையில் எழும்புவேன் என்பார்கள். நான் சொன்னது வேறு. "காட்டுப் பறவைகளைப் படம் எடுப்பன்" என்று தர்ஷினியிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

உண்மையில் நான் கமரா வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை எடுத்தது எங்கள் வேலியில் ஓடிய அணில்களை மட்டும். (அதிலும் பாதிப் படங்களில் வேலி மட்டும்தான் இருந்தது.)

தர்ஷினி நம்பிவிட்டாள். "ரூஜ் ஆற்றுப் பக்கம் அன்னம் குஞ்சு பொரிச்சிருக்காம். சனிக்கிழமை எடுத்துக் காட்டுங்கோவன். அப்பாவும் வாறார்" என்றாள்.

அந்தக் கடைசி இரண்டு சொற்களில் எனக்கு வியர்த்துவிட்டது. அவளுக்குச் சம்மதம், அவளுடைய அம்மாவுக்கும் சம்மதம். அப்பா மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை மழை தூறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தர்ஷினியின் அப்பா, எனக்கு அப்போது அங்கிள், ஒரு கறுப்புக் குடையோடு வந்தார். நாணலுக்கு அருகே தாய் அன்னமும், சாம்பல் பஞ்சை உருட்டி விட்டதுபோல ஐந்து குஞ்சுகளும். ஒன்று தாயின் முதுகில் ஏறியிருந்து எங்களைப் பார்த்தது. நான் ஈரப் புல்லில் குப்புறப் படுத்தேன். (வீடியோவில் பார்த்த பெரிய படப்பிடிப்பாளர்கள் எல்லாரும் அப்படித்தான் படுத்திருந்தார்கள்.) பிறகு முழங்கையால் ஊர்ந்து முன்னேறினேன்.

"தம்பி, கிட்டப் போகாதேங்கோ. தகப்பன் அன்னமும் எங்கையோ நிக்கும்" என்றார் அங்கிள்.

"பயப்பிடாதேங்கோ அங்கிள். உதுகளின்ர குணம் எனக்குத் தெரியும்."

அடுத்த நிமிடம் கமராவுக்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. லென்சில்தான் ஏதோ பழுது என்று நினைத்துக் கண்ணை எடுத்தேன். சிறகு இரண்டையும் விரித்து, பிரஷர் குக்கர்போலச் சீறிக்கொண்டு தகப்பன் அன்னம் வந்துகொண்டிருந்தது. பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள், ஆளையும் காற்சட்டையையும் பிரிக்கும் என்று சொல்லித் தரவில்லை.

எழுந்து ஓடினேன். தர்ஷினியைக் காப்பாற்றத்தான் ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் போய் நின்ற இடம் அங்கிளின் முதுகுக்குப் பின்னால். இடது கையால் அவருடைய ஜக்கெற் கொலரை இறுகப் பிடித்திருந்தேன். வலது கை கமரா பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

அங்கிள் அசையவில்லை. குடையை நீட்டி 'டப்' என்று விரித்தார். அன்னம் நின்றது. குடையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தது. பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மெதுவாகத் திரும்பி நடந்தது.

சற்று நேரம் கழித்து அங்கிள் சொன்னார்: "தம்பி, இனிக் கையை எடுக்கலாம்."

தர்ஷினி ஈரப் புல்லில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சம்பந்தம் இதோடு சரி என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

காருக்குள் அங்கிள் கமராவைக் கேட்டு வாங்கினார். வானம், புல், அவருடைய கொலர், மிக அருகில் அவருடைய காது. கடைசியில் ஒரே ஒரு படம் தெளிவாக விழுந்திருந்தது. அவருடைய காதுக்கும் குடைக்கும் இடையில் சீறும் தகப்பன் அன்னம். அதன் வாலுக்குப் பின்னால் ஒரு குஞ்சு.

அவர் அதையே நெடுநேரம் பார்த்தார். "உதுவும் உம்மைப்போலத்தான் நிக்குது" என்றார்.

அன்று பின்னேரம் அவர் வீட்டில் சொன்னதைத் தர்ஷினி எனக்கு அறிவித்தாள்: "பெடியன் கொஞ்சம் பொய் சொல்லுறான். ஆனா ஒருக்காப் பிடிச்சானெண்டா விடமாட்டான். செய்து வைப்பம்."

எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடமாகிறது. இன்றும் கொண்டாட்டங்களில் குடும்பமாகப் படம் எடுக்க நின்றால், மாமா தனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் நிற்பார். நான் எங்கே நிற்பது என்று யாரும் கேட்பதில்லை. நானும் பேசாமல் போய் நின்றுவிடுவேன்.