இருட்டில் வகிடெடுத்த அக்காவுக்கு

பதுளை, பெண்பிள்ளைகள் போர்டிங்,
வியாழக்கிழமை ராத்திரி.

அக்கா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. என் தலைமேல் சத்தியமாகக் காட்டாதே என்று எழுத வந்தேன். ஆனால் என் தலை இப்போது சத்தியம் பண்ணுகிற நிலைமையில் இல்லை. அதனால் உன் தலைமேல் சத்தியம். உனக்கு எழுத்து தெரியாது என்பதால் ஜாபிர் நானா மட்டும் பார்க்கலாம். அவரும் வாசித்ததும் மறந்துவிடவேண்டும்.

ஜாபிர் நானா, உங்களுக்கு என் ஸலாம். பசறையில் இத்தனை கடை இருந்தும் அக்கா உங்கள் கடைக்குத்தான் வருகிறாள், நீங்கள் நல்லவர் என்பதால். தயவுசெய்து இதைக் கடை வாசலில் நின்று வாசிக்காதீர்கள். அக்காவை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்து மெல்லிய குரலில் வாசியுங்கள். போன கடிதத்தை வாசிக்கும்போது நடுவில் யாரோ சாமான் வாங்க வந்து, நீங்கள் "அரை ராத்தல் சீனி" என்று சொன்னீர்களாம். அதுவும் கடிதத்தில் இருக்கிறது என்று நினைத்து அக்கா எனக்கு அரை ராத்தல் சீனி அனுப்பிவிட்டாள். சீனியை மேட்ரன் அம்மா எடுத்துக்கொண்டார். எறும்பு மட்டும் என் பெட்டிக்கு வந்தது.

என் பிரியமுள்ள அக்கா நல்லம்மாளுக்குத் தங்கை பவளாயி கைகூப்பி எழுதுவது. இவ்விடம் என் தலையைத் தவிர மற்றெல்லாம் சுகம். அவ்விடம் நீயும் அத்தானும் உன் மாமியாரும் மாமியாருடைய முழங்காலும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். காலையில் இங்கே சொல்லித்தருகிற சாமியிடமும், ராத்திரி போர்வைக்குள் கதிர்காமத்து முருகனிடமும் வேண்டுகிறேன். இரண்டு பேரும் என் முடி விஷயத்தில் இதுவரை ஒன்றும் செய்யவில்லை.

விஷயம் இதுதான் அக்கா. சனிக்கிழமை என் முடியை வெட்டப்போகிறார்கள். கழுத்தோடு. நீ வந்தால்தான் தப்பும்.

எப்படி இந்தக் கதிக்கு வந்தாய் என்று கேட்பாய். எல்லாம் நீ போனதால்தான். கோபித்துக்கொள்ளாதே, கல்யாணம் என்றால் போகத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் நீ போகும்போது உன் கையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். பூனாகலைத் தோட்டத்தில் நம்ம ஒற்றை அறை லயத்துக் காம்பராவில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகச் சொல்லித் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே என்னை எழுப்புவாயே, தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து நீ மேலே, நான் கீழே, உன் இரண்டு முழங்காலும் என் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும், அந்தக் குளிருக்கு அதுதான் என் கம்பளி. விளக்கு கிடையாது. இருட்டிலேயே உன் விரல் நெற்றியிலிருந்து பின்கழுத்து வரைக்கும் ஒரு கோடு போடும். சீப்பை வைக்குமுன் அதன் முதுகால் என் உச்சியில் ரெண்டு தட்டு தட்டி, "ஆடாதடி, ஆடுனா காது போயிரும்" என்பாய். ஒருநாளும் காது போனதில்லை. நீ கொழுந்து பறிக்கப் போய்விடுவாய், நான் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போவேன், அங்கே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "உங்கக்கா நூல் பிடிச்சா வகிடு எடுக்கிறா?" என்று கேட்பார்கள். கல்யாணத்தன்றுகூட உனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சீவிவிட்டாய். அந்தப் பின்னலோடுதான் அப்பா என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அதை நான் அவிழ்க்கவே இல்லை. தூங்கும்போதுகூடத் தலையணைக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்கினேன்.

அவிழ்த்தது ஞானப்பூ. பெரிய வகுப்புப் பெண். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை சீவுவது அவள் வேலை. ஆனால் அவளுக்குப் பரீட்சை வருகிறது, அதனால் சீவிக்கொண்டே இலங்கையிலுள்ள ஆறுகளைப் பாடம் பண்ணுகிறாள். மகாவலி கங்கை வரைக்கும் சுகமாயிருக்கும். களனி கங்கையும் பரவாயில்லை. வளவை கங்கைக்கு அப்புறம் மறந்துபோகும். மறந்ததும் என் முடியைப் பிடித்து இழுப்பாள், ஆறு என் தலைக்குள் ஒளிந்திருக்கிற மாதிரி.

"வளவைக்கு அப்புறம் என்னடி?"

"எனக்குத் தெரியாதுங்கக்கா. நான் சின்ன வகுப்பு."

"தெரியாதுன்னா எதுக்குத் தலைய ஆட்டுற?"

"நான் ஆட்டல. நீங்க இழுக்கிறீங்க, அது ஆடுது."

வாய் ஜாஸ்தி என்று அன்றைக்குப் பின்னலைக் காதுக்கு முன்னால் போட்டுவிட்டாள். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மேடு மாதிரி ஜெபத்துக்குப் போனேன்.

அடுத்தது சமையல்கட்டு ஆயா. அவள் கை பஞ்சு அக்கா. கருவாட்டு வாசம் இருந்தது, அதை நான் பொறுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் கொஞ்சம் உன்னை மாதிரியே இருந்தது. அதுதான் தப்பாய்ப் போயிற்று. தலை சீவ உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. முகத்தைப் பார்க்காமல் பேசுவதால் இருக்கும். உன்னிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன், ஒன்றாவது லயத்து வாசலைத் தாண்டிப் போயிருக்கிறதா? அந்த நம்பிக்கையில் ஆயாவிடம், "மேட்ரன் அம்மா குறட்டை விட்டா பண்டாரவளைக்கு ரயில் மேட்டுல ஏறுற மாதிரியே இருக்கு ஆயா" என்று சொல்லிவிட்டேன். ஆயா சிரித்தாள். சாயங்காலத் தேத்தண்ணியோடு அதையும் கொண்டுபோய் மேட்ரன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு, அடிக்கவில்லை, "பவளாயி, இனிமே அந்த ரயில் உன் பக்கத்துலதான் நிக்கும்" என்று சொல்லி, தன் கட்டிலை இழுத்துவந்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆனால் ஒரு நன்மை உண்டு. இப்போது பெட்டி அறையில் மெழுகுவர்த்தித் துண்டை வைத்து எழுதுகிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் ஏறுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. அது கேட்கிறவரைக்கும் பயமில்லை.

பிறகு யாரையும் நம்பாமல் நானே சீவிக்கொண்டேன். இங்கே கண்ணாடி கிடையாது, கண்ணாடி பார்த்தால் கர்வம் வருமாம். தண்ணீர் வாளிக்குள் பார்த்து வகிடெடுத்தேன். முகம் ஆடிற்று, வகிடும் ஆடிற்று. வாத்தியாரம்மா வகுப்புக்கு நடுவில் பாடத்தை நிறுத்திவிட்டு, "உன் தலையில பசறை ரோட்டைப் போட்டது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பசறை என்றதும் நீ ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். வகிட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் தலையை யாரிடமும் கொடுக்கவில்லை. உருட்டிக் கொண்டை போட்டு, காதுவலி என்று சொல்லித் துணியைச் சுற்றிக்கொண்டேன். மழைக்காலம், நம்பினார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பேன் பார்க்கிற நாளில் மேட்ரன் அம்மா துணியை அவிழ்த்தார். சீப்பை வைத்தார். சீப்பு உள்ளே போயிற்று, வெளியே வரும்போது அதில் ரெண்டு பல் இல்லை. அந்த ரெண்டு பல்லும் இன்னும் என் தலைக்குள்தான் இருக்கிறது அக்கா.

"இது முடியா, குருவிக்கூடா? நாவிதரை வரச்சொல்றேன், கழுத்தோட வெட்டிரலாம்" என்றார்.

"எங்கக்கா வந்தா சிக்கெடுத்துருவாங்க அம்மா. அவுங்களுக்கு விளக்குகூட வேணாம்."

"சரி, வரட்டும். வந்தா வெட்டல."

அப்படித்தான் சொன்னார். அந்த நாவிதர் யார் தெரியுமா? ஏதோ ஒரு துரையின் குதிரைக்குப் பிடரி வெட்டுகிறவராம். அதே கத்தரியாம். வெட்டும்போது குதிரைக்குச் சொல்கிற மாதிரி நாக்கால் 'டக் டக்' என்று சத்தம் போடுவாராம். இதெல்லாம் ஞானப்பூ சொன்னது.

அப்பாவுக்கு எழுதலாம்தான். "முடிதானே, முளைக்கும்" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் சீவிவிடுகிற ஆள் முளைக்குமா? அதனால் நீதான் வரவேண்டும். வெள்ளிக்கிழமை பசறையிலிருந்து வண்டியில் காய்கறி கொண்டுவந்து இறக்குகிற அழகையா அண்ணனிடம் இதைக் காலிச் சாக்குக்குள் போட்டுக் கொடுத்துவிடுவேன். இங்கே எழுதுகிற கடிதமெல்லாம் மேட்ரன் அம்மா வாசித்துத்தான் தபாலுக்குப் போகும், அதனால்தான் சாக்கு. சனிக்கிழமை விடியற்காலம் அவர் மறுபடி பதுளைக்குப் புறப்படுகிற வண்டியிலேயே நீ ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடலாம். மாமியாரிடம் முடி விஷயத்தை மட்டும் சொல். முடி போய்விட்டால் நாளைக்கு யார் அவளைப் பெண் கேட்டு வருவார்கள் என்று சொல். பெண்பிள்ளையின் முடி என்றால் மாமியார்களுக்குப் பதறும். நம்ம பழைய மரச்சீப்பைக் கொண்டுவா. இங்கே உள்ள சீப்புக்கெல்லாம் என்னைப் பிடிக்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். மாமியாருக்கு நமஸ்காரம், முழங்காலுக்குத் தனியாக ஒன்று. இளையவள் மூத்தவளுக்கு ஆசீர்வாதம் பண்ணக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன் பொட்டும் பூவும் வாடாமல், உன் கை என்றைக்கும் வலிக்காமல் நீ இருக்கவேண்டும் என்று இந்தப் பெட்டி அறையில் உட்கார்ந்து பண்ணிவிட்டேன்.

உன் காலடியில் உட்கார இடம் கேட்கும்,
பவளாயி

பின்குறிப்பு: ஜாபிர் நானா, இதற்குக் கீழே இருப்பதை அக்காவுக்கு மட்டும் வாசியுங்கள். மாமியார் கூட வந்திருந்தால் சீனி, பருப்பு என்று ஏதாவது சொல்லிக் கடிதத்தை முடித்துவிடுங்கள்.

அக்கா, நாவிதர் சனிக்கிழமை வரமாட்டார். செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டுப் போய்விட்டார். என் முடி இப்போது கழுத்தோடுதான் இருக்கிறது. மேட்ரன் அம்மா அப்படிச் சொன்னது நிஜம், ஆனால் போன வாரம் சொன்னார். "அக்கா வருவாளா?" என்று திரும்பவும் கேட்டார். "வருவாங்க" என்றேன். உனக்குச் சொல்லியனுப்பவே இல்லை, நீ எப்படி வருவாய்? அது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலை இப்படி ஆயிற்று என்று உனக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் மேட்ரன் அம்மாவும் பொறுத்துப் பார்த்தார், பாவம்.

அந்த நாவிதர் குதிரைக்காரர் இல்லை. ஞானப்பூ பொய் சொல்லியிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர். "கண்ண மூடிக்கம்மா, எம்மகளும் மூடிக்கிட்டுத்தான் இருப்பா" என்றார். உள்ளேயிருந்து ரெண்டு சீப்புப் பல், ஒரு காய்ந்த இலை, நான் எங்கெல்லாமோ தேடிய பென்சில் துண்டு, எல்லாம் எடுத்துக் கொடுத்தார். சிக்குக்குக் கீழே இருந்த நீள முடியைத் தூக்கிப்போடாமல் அவரே சீவி, நூல் கட்டிக் கையில் கொடுத்தார். அது என் பெட்டியில் இருக்கிறது. சீவும்போது உதிர்கிற என் முடியையெல்லாம் சுருட்டி, என்றைக்காவது சவுரி கட்டலாம் என்று கூரை இடுக்கில் செருகி வைப்பாயே, இதையும் சேர்த்துக் கட்டிக்கொள். நீ கொண்டை போடுகிற நேரத்தில் நானும் கொஞ்சம் பசறையில் இருப்பேன்.

இதை மேலேயே எழுதியிருக்கலாம். ஆனால் முடி வெட்டப்போகிறார்கள் என்றால் உன் மாமியார் அனுப்புவார். வெட்டியாகிவிட்டது என்றால், "இனி போயி என்னத்துக்கு?" என்பார். தங்கச்சி ஏங்கிப்போயிருக்கிறாள் என்றால், "அவ என்ன பால்குடிப் பிள்ளையா?" என்பார். போன தடவை அப்படித்தான் சொன்னாராம், அழகையா அண்ணன் சொன்னார். நான் பால்குடிப் பிள்ளை இல்லைதான் அக்கா. எனக்குப் பழைய துணி தைக்கத் தெரியும், இங்கிலீஷில் மாதங்கள் தெரியும், வளவைக்கு அப்புறம் என்ன ஆறு என்றுகூட இப்போது தெரியும். ஆனாலும் நீ வா. சீவ ஒன்றும் இல்லாவிட்டாலும் வா. மரச்சீப்பு இல்லாவிட்டாலும் வா. ஏதாவது பெட்டிமேல் உட்கார்ந்து முழங்காலால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சும்மா விரலால் ஒரு கோடு போட்டுவிட்டு, உடனே வண்டி ஏறிவிடு. நான் ஆடமாட்டேன். காது போனாலும் ஆடமாட்டேன்.

அக்கா, ரயில் சத்தம் நின்றுவிட்டது.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ரெண்டு தட்டு, நீ சீப்பால் உச்சியில் தட்டுவாயே, அந்த மாதிரி. மெழுகுவர்த்தியை