சீர்த் தவலையை மோட்டாரில் வைத்த விவரம்

வண்டிப்பெரியார்,
பவ வருஷம், தை 14.

கம்பம் சம்பந்தி அண்ணன் பழனிச்சாமி அவர்களுக்கு, சுருளியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகன் அழகுமலையும் மோட்டாரும் க்ஷேமம். அங்கு தாங்கள், சம்பந்தியம்மாள், மருமகள் மாரித்தாய், என் பேத்தி எல்லோருடைய க்ஷேமத்துக்கும் எழுதவும். பேத்திக்குப் பல் தெரிகிறதா என்பதைத் தனியாக எழுதவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "ஐந்து மாதப் பிள்ளையை உங்கள் கொதிக்கிற அடுப்பில் ஏற்றி மலைக்கு அனுப்ப மாட்டேன். வழியில் நிற்காமல் ஏறுகிற வண்டி வந்தால் அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வந்தது. ஆனால் போன தடவை நீங்கள் வந்தபோது குமுளி ஏற்றத்தில் வண்டி ஏழு இடத்தில் கொதித்து நின்றதும், ஏழு தடவையும் நீங்களே ஓடையில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்ததும் உண்மை. ஆகையால் வண்டியைச் சரிபண்ணிவிட்டேன். வருகிற புதன்கிழமை உங்கள் வாசலுக்கு வரும். பிள்ளையைக் குளிப்பாட்டி வைக்கவும்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள்தான். ஆனாலும் அடுப்படியில் நிற்பவளுக்குக் கொதிப்பைப் பற்றித் தெரியாதா? வண்டிக்கு முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் ஆவியாகிக் குறைகிறது. குறையக் குறைய மேலேயிருந்து தானாக இறங்க ஒரு பாத்திரம் இருந்தால் தீர்ந்தது. பெரிதாக இருக்க வேண்டும், சூடு தாங்க வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது, மாரித்தாய்க்கு நீங்கள் சீராகக் கொடுத்த செம்புத் தவலை ஒன்றுதான். வருத்தப்பட வேண்டாம், அடியில் ஒரே ஒரு ஓட்டைதான் போட்டோம். பிறகு கழுத்தில் இன்னொன்று. ஏனென்றால், ஈயம் பூசுகிற பாலக்காட்டு தாவூத் பாய் அடியில் குழாய் வைத்து ரேடியேட்டரில் சேர்த்தும் தண்ணீர் இறங்காமல் தவலைக்குள்ளேயே குடுகுடு என்றது. அழகுமலை குழாயைத் தட்டினான், ஊதினான், கடைசியில், "ஆத்தா, இது ஆகுற கதையில்ல, எறக்கிருவோம்" என்றான். "எறக்குனா ஒம் பொண்டாட்டி கம்பத்துலயே இருப்பா. நீயே பொங்கித் தின்னு" என்றேன். மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் ஒழுங்காக வருமா, காற்றுக்கு இன்னொன்று வேண்டாமா? ரேடியேட்டர் தலையிலிருந்து தவலைக் கழுத்துக்கு ஒரு குழாய் ஏற்றச் சொன்னேன். காற்றும் ஆவியும் அது வழியாக மேலே போக, தண்ணீர் அடிக்குழாய் வழியாக விறுவிறுவென்று இறங்கிவிட்டது. "நீங்க எந்தப் பள்ளிக்கூடம்மா?" என்று பாய் கேட்டார். சொன்னேன்.

துணிக்கூரை தவலையின் பாரம் தாங்கவில்லை. அதனால் முன்சீட்டில் தேயிலைப் பெட்டி, பெட்டி மேல் தவலை என்று கயிறு போட்டு இறுக்கிவிட்டோம். நேற்று அழகுமலை ஓட்ட, நான் கதவுப் படியில் தொற்றிக்கொள்ள, குமுளிச் சாலையில் பாதி தூரம் இறங்கி ஏறினோம். ஒரு இடத்திலும் கொதித்து நிற்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும், மறைத்துப் பழக்கமில்லை எனக்கு. கெட்டிச் செம்பு என்று கல்யாணத்தில் சொன்னீர்கள். உங்கள் பெயர் வெட்டிய இடத்தில் உளி ஆழமாக இறங்கியிருக்கிறது. வண்டி குலுங்கியதில் முதலில் 'ப' துளிர்த்தது, பிறகு 'ழ' ஒழுகியது, கடைசி வளைவுக்கு வருவதற்குள் உங்கள் பெயர் முழுக்க ஆவி விட்டது. பாய் பின்சீட்டில் நாலு டின் தண்ணீரோடு உட்கார்ந்து, ஒழுகுகிற எழுத்தில் சோப்பைத் தேய்த்து அடைப்பதும் தண்ணீரை ஊற்றுவதுமாக வந்தார். வழியில் சுங்கச் சாவடிக்காரர் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு, "யாருக்கா இந்தப் பழனிச்சாமி, இம்புட்டுக் கோவமா வாராரு?" என்றார். "சம்பந்தி" என்றேன். "அப்பச் சரி" என்று சங்கிலியை இறக்கிவிட்டார். வீடு வந்து இறங்கியதும் பாய் ஈயம் வைத்தார். இன்று காலை பக்கத்து எழுத்து திறந்துகொண்டது. ஆகையால் புதன்கிழமையும் அவர் கூடவே வருவார்.

பேத்திக்கு இங்கிருந்தே நெட்டி முறிக்கிறேன். மருமகளுக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் கும்பிடு.

இப்படிக்கு,
சுருளியம்மாள்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு, "ஆத்தா, மாரியும் பிள்ளையும் எங்கிட்டு உக்காருவாக?" என்று அழகுமலை கேட்டான். போய்ப் பார்த்தேன். முன்னால் தவலை. பின்னால் தாவூத் பாயும் நாலு டின்னும். ஒரு பூனைக்குட்டிக்குக்கூட இடமில்லை. தவலையை இறக்குகிற பேச்சே இல்லை. ஆகையால் மருமகளையும் பேத்தியையும் நீங்களே குமுளி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வரவும். எங்கள் வண்டி பின்னாலேயே ஏறும். பஸ் கொதித்து நின்றால் தண்ணீர் நாங்கள் தருவோம். நீங்கள் ஓடையில் இறங்க வேண்டாம்.