பொன்முடிக்கு ஒரு கார்டிகன்

செத்தாலும் பொன்முடிக்குப் போவதில்லை என்று நாகேஸ்வரன் சபதம் எடுத்திருந்தார். சீதாலக்ஷ்மியோ கல்யாணமான மறு வாரத்திலிருந்து பொன்முடிக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சபதத்துக்குக் காரணம் வெளியே சொல்லக்கூடியதல்ல. கல்யாணத்துக்கு முன்னால் ஆபீஸ் பிக்னிக் என்று பஸ்ஸில் பொன்முடிக்குக் கிளம்பினார். வித்துராவில் இறங்கி வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி நாலு சாப்பிட்டார். அதற்கு மேல் மலை ரோடு. மூன்றாவது கொண்டையூசி வளைவில், முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மேலதிகாரியின் வழுக்கைத் தலையில் நாலு பழம்பொரியும் திரும்ப வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து காலண்டரில் மலையைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைப் பிரட்டும்.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் நாலு பேர் மதிக்கிற மனுஷர், பெண்டாட்டியிடம் போய் வாந்தி பயம் என்று சொல்வாரா? குளிர் என்று சொன்னார்.

"பொன்முடிக் குளிர் எலும்புக்குள்ள கேறும், சீதா. ஸ்வெட்டர் இல்லாம போனா நேரா ஆஸ்பத்திரிதான்."

"சாலைக் கடைத்தெருவுல ஸ்வெட்டர் தொங்கறதே?"

"மெஷின் நூல் எனக்கு அரிக்கும். கையால நூத்த கம்பளின்னா ஷரி."

தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது. மார்கழியிலும் வேர்த்துக் கொட்டுகிற திருவனந்தபுரத்தில் கையால் நூற்ற கம்பளிக்கு இவள் எங்கே போவாள்? நாகேஸ்வரனிடம் ஒரு நல்ல குணம். பொய்யைச் சொல்லிவிட்டு மறந்துவிடமாட்டார். வருஷா வருஷம் தூசி தட்டிப் புதுசு மாதிரி வைத்திருப்பார்.

தொண்ணூற்றெட்டு ஜூலையில் அடுத்த வீட்டு பத்மஜா ஒரு சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். டெல்லியில் பத்து வருஷம் இருந்து பின்னல் வேலை படித்துக்கொண்டு வந்தவள். தம்பி பட்டாளத்தில் இருந்தான்.

"மாமா, மாமி கேட்டான்னு தம்பி லீவுல வரச்சே கொண்டுவந்தான். சுத்தமான ஆட்டு ரோமமாக்கும்."

மூட்டையைப் பிரித்ததும் ஆடே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு வாசனை அடித்தது.

"சிவ சிவா! ஆசாரம் என்னாறது?" என்று நாகேஸ்வரன் குதித்தார்.

"கம்பளிக்குத் தீட்டே கிடையாது, எப்பவும் மடின்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாராக்கும்?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"நான்தான்."

"அப்போ மதி, போரும். வழியை விடுங்கோ."

ரோமத்தை அலசி, காயவைத்து, சீப்பால் சிக்கெடுத்தாள். பிறகு பூஜையறைக்குப் போய் அவர் நூல் நூற்கிற தக்ளியை எடுத்து வந்தாள். நாகேஸ்வரனுக்கு உயிரே போய்விட்டது. வருஷாவருஷம் ஆவணி அவிட்டத்துக்குத் தன் பூணூலைத் தானே நூற்கிறவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமை மொத்தமும் அந்தத் தக்ளியில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது பூணூல் தக்ளி!"

"கம்பளி மடின்னு இப்பத்தானே சம்மதிச்சேள்?"

சீதாலக்ஷ்மி நூற்றாள். நூல் அறுந்தது. மறுபடி நூற்றாள். மறுபடி அறுந்தது. இரண்டு நாள் பார்த்த நாகேஸ்வரனுக்கு ஒரு திட்டம் உதித்தது. வேலையைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வது. ஒரு நாளைக்கு ஒரு முழம். மூட்டை தீர்வதற்குள் அவர் ரிட்டயரே ஆகிவிடுவார்.

"இப்படிக் குடு. நான் நூக்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றாள் சீதாலக்ஷ்மி. சொல்லும்போதே தக்ளியைக் கொடுத்துவிட்டாள்.

முதல் முழம் முடிந்தபோது பத்மஜா எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ மாமா! எத்தனை சன்னம்! இதென்ன நூலா, சேமியாவா!"

அவ்வளவுதான். மறுநாள் எதிர்வீட்டு சரோஜம் மாமி பார்க்க வந்தாள். அதற்கு மறுநாள் தெருவே வந்தது. புகழ்ச்சி ஏற ஏறத் தக்ளியின் வேகமும் ஏறியது. வெறும் நூலாக விட மனசு வராமல் பூணூல் மாதிரி மூன்று இழை சேர்த்து முறுக்கினார். ஆபீஸுக்கும் எடுத்துப்போனார். ஃபைல் நின்றது, தக்ளி நிற்கவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் ரோமத்துக்காக மூட்டைக்குள் கையை விட்டார். சாக்குதான் கையில் தட்டுப்பட்டது. அப்போதுதான் அவருக்குத் திட்டமே ஞாபகம் வந்தது.

சீதாலக்ஷ்மி இரண்டு நீள ஊசிகளோடு பின்ன உட்கார்ந்தாள். முன்னால் திறந்து பட்டன் போடுகிற கார்டிகன்தான் வசதி என்று பத்மஜா சொல்லிக்கொடுத்தாள். கதிகலங்கிப் போயிருந்த நாகேஸ்வரன் ஐப்பசியில் ஒன்றைக் கவனித்தார். அவள் அவருக்கு அளவே எடுக்கவில்லை! பின்னி முடித்த முதுகுப் பக்கம் அவர் முதுகில் பாதிக்குத்தான் வரும். தொப்பையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

யோக்கியனாக இருந்தால் உடனே சொல்லியிருப்பான். நாகேஸ்வரன், "என்ன ஜோரான பின்னல்! ஒண்ணும் மாத்தாதே, இப்படியே போகட்டும்" என்றார்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பொன்முடி வேன் வரும் என்று சீதாலக்ஷ்மி சொல்லியிருந்தாள். ஆறரைக்கு நாகேஸ்வரன் கார்டிகனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கை முழங்கையோடு நின்றுவிட்டது. பட்டனுக்கும் அதன் ஓட்டைக்கும் நடுவே ஒரு சாண் தொப்பை. உள்ளே சந்தோஷம் பொங்கியது. முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"அடடா, சின்னதாப் போயிடுத்தே சீதா! எத்தனை உழைப்பு! போட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நீ மனசை விட்டுடாதே."

கடைசி வரியில் குரல்கூடத் தழுதழுத்தது.

"கழட்டுங்கோ" என்றாள் சீதாலக்ஷ்மி.

கழற்றினார். வாங்கி அவள் மாட்டிக்கொண்டாள். ஆறு பட்டனும் ஒவ்வொன்றாக அதனதன் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தன. கை கச்சிதமாக மணிக்கட்டில் வந்து நின்றது.

"நன்னாருக்கா?"

"உனக்கா பின்னினே?"

"பின்னே? எனக்கும் குளிருமே."

"அப்போ நான்?"

"இது மாமிகள் போற வேன். உங்களை ஆரு கூப்பிட்டா? மூணு வளைவு தாங்கறதில்லே. பழம்பொரி விஷயத்தைக் கல்யாணப் பந்தியிலேயே உங்க ஆபீசர் பொண்டாட்டி எங்கிட்ட சொல்லிட்டா."

நாகேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. இனி இந்தப் பொய்யைத் தூசி தட்ட வேண்டாம் என்பதில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"தெரிஞ்சிண்டே ஏன் வாயைத் திறக்கலே?"

"நீங்களே சொல்வேள்னு இருபத்தொரு வருஷம் பார்த்தேன். இந்த வருஷம் நூக்க ஆள் வேண்டியிருந்தது."

வாசலில் ஹார்ன் அடித்தது. வேன் நிறைய மாமிகள். சீதாலக்ஷ்மி ஏறியதும் எல்லார் கையும் கார்டிகனைத் தடவிப் பார்த்தன. சரோஜம் மாமி அவள் காதில் என்னவோ சொன்னாள். வேன் நகரும்போது சீதாலக்ஷ்மி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கேட்டேளா! தயிர்சாதம் மூடி வச்சிருக்கேன். பின்கட்டுல இன்னும் மூணு மூட்டை இருக்கு, சரோஜம் மாமிக்குக் கொஞ்சம் மெல்லிசா வேணுமாம். அவசரம் ஒண்ணும் இல்லே, நாங்க சாயங்காலம்தான் வருவோம்!"